பெருக்கும் முறை உங்களுக்கு வரட்டும்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், ரசம் ஊற்றிக்கொண்டே நான் கேட்கும் முதல் கேள்வி, "வாடகை ஒப்பந்தத்துல கேர்வோஹெ, அதான் வாரமுறை வச்சுப் பெருக்குறது, இருக்கா?" என்பதுதான். "இல்லக்கா, அதுக்கெல்லாம் ஆள் வந்து பெருக்கிட்டுப் போயிடுறாங்க" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

நான் விருதுநகர்க்காரி. ஸ்டுட்கார்ட்டின் ஒரு பகுதியான பாட் கான்ஸ்டாட்டில் குடியிருக்கிறேன், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு துடைப்பத்தைப் பிடித்து நின்றபோதும், வயதானவர்களுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டபோதும் வந்தது. புத்தகம் அப்புறம்தான். அந்நிய ஊரைப் புரிந்துகொள்ள என்ன செய்யணும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, விருந்தாளியாக இருக்கிற காலத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். விருந்தாளிக்கு எல்லோரும் நல்ல பீங்கானைத்தான் எடுத்து வைப்பார்கள். ஏதாவது ஒரு பொது வேலையில் உங்கள் பெயரும் முறைப்பட்டியலில் ஏறட்டும்.

கேர்வோஹெ அப்படி ஒரு முறைதான். ஸ்வாபியா என்கிற இந்தத் தென்மேற்கு ஜெர்மன் பகுதியில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் பெருக்கித் துடைக்க வேண்டும். சின்ன முறை என்றால் உங்கள் மாடிப்படியும் நடையும். பெரிய முறை என்றால் வாசல், நடைபாதை, நிலவறைப் படிகள், குளிர்காலத்தில் பனி தள்ளுவது எல்லாம் சேரும். கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். 1492-லேயே இந்தப் பகுதியை ஆண்ட எபர்ஹார்ட் பிரபு, அவரவர் குப்பையை வாரம்தோறும் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறார். நகராட்சி இந்த விதியை 1988-ல் கைவிட்டுவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் கைவிடவில்லை, எதிர்வீட்டுப் பாட்டிகளும் கைவிடவில்லை. நம் ஊரில் அவரவர் வாசலை அவரவர் தெளித்துக் கோலம் போடுவோம். தெருவின் நடுப்பகுதி யாருடையதும் இல்லை. இங்கே அந்த நடுப்பகுதிக்குத்தான் முறை.

இதை எப்படிச் செய்வது என்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. சனிக்கிழமை காலையில் செய்யுங்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வாளியை இழுத்தால் சுத்தம் வரும், பேச்சு வராது. காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிலவறைப் படியும் என் முறையில் சேருமா என்று கீழ்வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஒரு தடவை கேளுங்கள். பதில் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்தாலும் கேளுங்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிவிட்டு விலகிப் போகிற அதே மனிதர்கள், கையில் துடைப்பத்தோடு நிற்கிறவரிடம் நின்று பேசுவார்கள். மூன்றாம் மாடிக்காரருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, அதனால் அவர் முறையை மகன் செய்கிறான். இரண்டாம் மாடியில் முன்பு இருந்தவர்கள் பனியைத் தள்ளாமல் விட்டு ஒரு தபால்காரர் வழுக்கி விழுந்தது. வீட்டுக்காரர் யார், அவருடைய அண்ணன் தம்பிகளுக்குள் என்ன வழக்கு. இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நடத்தும் எந்த ஒருங்கிணைப்பு வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அந்த வகுப்பைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு என்று நடக்கும். கட்டாயம் போங்கள். ஆனால் வகுப்பில் படிக்கிற ஜெர்மனை வைத்துக்கொண்டு சனிக்கிழமைச் சந்தையில் முள்ளங்கி வாங்கப் போனால், அந்தக் கிழவி பேசுகிற ஸ்வாபிய வட்டார வழக்கில் பாதிகூடப் பிடிபடாது. பரவாயில்லை, சந்தைக்கு அடுத்த வாரமும் போங்கள். அதே கடைக்கே போங்கள்.

உங்கள் கட்டடத்தில் கேர்வோஹெ இல்லையென்றால் அடுத்த வழி பிள்ளையின் பள்ளிக்கூடம். ஆண்டுத் தொடக்கத்தில் சாயங்காலம் பெற்றோர் கூட்டம் போடுவார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்போம். பெற்றோர் பிரதிநிதி யார் என்று ஆசிரியை கேட்டதும் அறை முழுக்க ஒரு அமைதி விழும். எல்லோரும் மேசையில் இருக்கிற கீறல்களை ஆராய்வார்கள். கையைத் தூக்குங்கள். மொழி சரியாக வராதே என்ற கவலை வேண்டாம், இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், மற்றவர் எழுதிக்கொள்வார். நான் தூக்கினேன். ஜெர்மன்காரர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். சுற்றுலாச் செலவு, கைப்பேசித் தடை, பிறந்தநாள் கேக்கில் சர்க்கரை என்று எதற்கும் முகத்துக்கு நேராக, குரலை ஏற்றாமல், விடாமல் வாதாடுவார்கள். பிறகு வாக்கெடுப்பு. தோற்றவர் சாதாரணமாக எழுந்துவந்து ஜெயித்தவரோடு நாற்காலியை அடுக்குவார். "அவர் என்னை எல்லார் முன்னாடியும் மறுத்துப் பேசிட்டார்" என்று நம் ஆட்கள் மாதக் கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்குவது இந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்காததால்தான்.

சங்கங்களையும் பாருங்கள். இங்கே அதை ஃபெரைன் என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். பாட்டுக்கு, உடற்பயிற்சிக்கு, முயல் வளர்ப்புக்கு, திராட்சைத் தோட்டத்துக்கு, எதற்கும் ஒன்று இருக்கும். சின்ன ஊர்களில் தீயணைப்புப் படையே தன்னார்வலர்கள்தான். அழைப்பு வந்தால் தச்சரும் வங்கி ஊழியரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். சேர்ந்த பிறகு கோடை விழாவுக்குப் போகிறீர்களோ இல்லையோ, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்விடுங்கள். மிகவும் சலிப்பான கூட்டம். பொருளாளர் சென்ட் வரை கணக்கு வாசிப்பார், கணக்குச் சரிபார்த்த உறுப்பினர்கள் எழுந்து எல்லாம் சரி என்பார்கள், நிர்வாகம் போன ஆண்டு செய்ததை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள், கைகள் உயரும். ஊருக்குள் யார் பேச்சுக்கு எடை, யாரோடு யார் பேசுவதில்லை, யாரை நம்பிப் பணம் கொடுப்பார்கள் என்று ஒரே ராத்திரியில் விளங்கிவிடும்.

தோட்டச் சங்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அதில்தான் கண். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சங்கம் குத்தகைக்கு விடும் ஒரு பாத்தித் தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மிகக் கூடாது, அதில் கட்டும் குடில் 24 சதுர மீட்டருக்கு மிகக் கூடாது, அங்கே குடியிருக்கவும் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது காய், கனி விளைய வேண்டும். வெறும் புல்தரையும் ஊஞ்சலும் வைத்தால் சங்கத்துக்காரர்கள் வந்து கேட்பார்கள். கிடைப்பதற்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். அதுவரை சும்மா இருக்காதீர்கள், கோடை விடுமுறைக்குப் போகிறவரின் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் வெந்தயக் கீரையை ஒரு ஓரத்தில் விதைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். திரும்பி வந்த அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, கசப்பா என்று கேட்டு, மறுவாரம் தன் பேத்தியை அழைத்துவந்து காட்டினார்.

இனி என் வேலையிடத்துக்கு வருகிறேன்.

உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று நாம் மனசில் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். முதியோர் இல்லத்தில் அந்தக் கோடு நிற்காது. எங்கள் மாடியில் ஒரு பாட்டி. அசல் ஸ்வாபியப் பேச்சு. உருளைக்கிழங்கு சாலடில் மயோனைஸ் போட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். பிறந்தது ஹங்கேரியில் ஒரு கிராமம். 1946-ல், சிறுமியாக, ஒரு மூட்டையோடு சரக்கு ரயிலில் வந்து இறங்கியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பியும் துரத்தப்பட்டும் வந்த ஜெர்மானியர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். உள்ளூர்க்காரர்களின் வீடுகளில் அறைகளை ஒதுக்கி இவர்களைக் குடியமர்த்தச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். வீட்டுக்காரர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பயன்படுத்த நேரம் குறித்துக் கொடுத்தது, பள்ளியில் பேச்சைக் கேட்டுச் சிரித்தது எல்லாம் பாட்டி சொல்வார், கோபமில்லாமல், மருந்து பெயர் சொல்வதுபோல. இப்படி வந்தவர்களின் அமைப்புகள், பழிவாங்குவதைக் கைவிடுகிறோம் என்று கையெழுத்திட்ட சாசனம், 1950 ஆகஸ்ட் 5 அன்று இதே பாட் கான்ஸ்டாட்டில்தான் எழுதப்பட்டது. நான் காய் வாங்கப் போகிற ஊர்.

அதனால், "நீங்க இந்த ஊரா?" என்று உங்களைக் கேட்கிறவரிடம் நீங்களும் அதையே திருப்பிக் கேளுங்கள். அவருடைய தாத்தா பாட்டி எங்கிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். "ஜெர்மன்காரங்க ஏன் இப்படி?" என்று கேட்டால் பொதுப்பதில்தான் கிடைக்கும், அல்லது மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒரு சிரிப்பு. "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் மனிதர் கிடைப்பார்.

இதே காரணத்துக்காக, நமக்கு முன்னால் வந்த மற்ற வெளியூர்க்காரர்களை விட்டுவிடாதீர்கள். ஜெர்மனி ஆள் எடுக்க இத்தாலியோடு 1955-லும், ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடு 1960-லும், துருக்கியோடு 1961-லும் ஒப்பந்தம் போட்டது. அப்போது தொழிற்சாலைக்கு வந்தவர்கள் இப்போது எங்கள் இல்லத்தில் கட்டிலில் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் எதைச் சொல்லாமல் சொல்கிறார், எந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போட வேண்டும், எதைக் கிடப்பில் போடலாம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1980களில் அகதிகளாக வந்த ஈழத்து அண்ணன்மார்களும் அக்காமார்களும் அப்படித்தான். வேலை விசாவில் விமானத்தில் வந்து இறங்கிய நாம் பார்க்காத ஜெர்மனியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், நம் சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

போரைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் பேச்சை எப்படி எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். நீங்களாக எடுக்க வேண்டாம், மதியச் சாப்பாட்டு மேசையில் நிச்சயமாக வேண்டாம். அதற்கு முன் உங்கள் தெருவைப் படியுங்கள். நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் எங்கே கொண்டுபோனார்கள், என்ன ஆனார். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. 2023-ல் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். உங்கள் வாசலுக்கு எதிரே இருந்தால் பெருக்கும்போது அதையும் துடையுங்கள், உள்ளூர்க்காரர்கள் சிலர் செய்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் கில்லெஸ்பெர்க் பூங்காவுக்குப் போங்கள். எல்லோரும் பூப் பார்க்கப் போகிற இடம். 1941 டிசம்பர் 1 அன்று சுமார் ஆயிரம் யூதர்களை லாத்வியாவின் ரீகாவுக்கு ரயிலேற்றுவதற்கு முன் அடைத்து வைத்திருந்தது அந்தக் கண்காட்சி வளாகத்தில்தான். ரயில் புறப்பட்ட வடக்கு நிலையத்தின் பழைய தண்டவாளங்கள் 2006 முதல் நினைவிடம். சுவரில் பெயர்கள் இருக்கின்றன. இவ்வளவையும் பார்த்து வைத்திருந்தால், யாராவது ஒருவர் தானாக, மூன்றாவது கிளாஸ் வைனுக்குப் பிறகு, "எங்க தாத்தா..." என்று ஆரம்பிக்கும்போது நீங்கள் பதறிப் பேச்சை மாற்ற மாட்டீர்கள்.

செப்டம்பரில் நாடு முழுக்க எச்சரிக்கைச் சங்கு ஊதிப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. இளையவர்கள் கைப்பேசி அலறியதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் இல்லத்தில் அன்று காலையில் இருந்தே ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொல்லி வைப்போம். அப்படியும் ஒருவர் மேசைக்கடியில் போகப் பார்ப்பார். ஸ்டுட்கார்ட்டில் பிர்கன்கோப்ஃப் குன்று தெரியுமா? குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி நாற்பது மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். உச்சியில் செதுக்குத் தூண் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. மாலை வெயிலில் படம் எடுக்க அருமையான இடம் என்று நம் குழுக்களில் போட்டிருப்பார்கள்.

திருவிழாவுக்கும் இதே வழிதான். கான்ஸ்டாட் திருவிழா என்றால் பீர் கூடாரம், ராட்டினம், தோல் கால்சட்டை. போய்வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் பழமும் தானியமும் தொங்கவிட்ட உயரமான தூண் ஒன்று இருக்கும், அதன் கீழே நின்று கேளுங்கள். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு இங்கே கோடைகாலமே வரவில்லை. விளைச்சல் போய்ப் பஞ்சம். அதற்குப் பிறகு இந்தப் பகுதியின், அதாவது வூர்ட்டம்பெர்க்கின், மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818-ல் விவசாயக் கண்காட்சியாகத் தொடங்கியது இது. அதே ஆண்டில்தான் ஹோஹென்ஹைமில் வேளாண்மைப் பள்ளி, அரசி கத்தரீனா ஏழைகளுக்காகத் தொடங்கிய சேமிப்பு வங்கி. ஒரு பஞ்சத்திலிருந்து திருவிழாவும் படிப்பும் வங்கியும் கிளம்பிய ஊர் இது. தாது வருஷப் பஞ்சக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பீர் கூடாரத்தைவிட இது நெருக்கமாகப் பட்டது.

ஒரு எச்சரிக்கை. ஸ்வாபியர் ஏன் இவ்வளவு சிக்கனம், ஏன் ஓயாமல் வேலை என்று கேட்டால், "மதம்தான் காரணம், கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பக்தி" என்று ஆளாளுக்கு ஒரே வரியில் பதில் சொல்வார்கள். சட்டென்று கிடைக்கிற காரணத்தை அரைக் காரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலான இடங்களில் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு வைப்பது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சின்னதாகிக்கொண்டே போனது. துண்டு நிலத்தில் வயிறு நிறையாது. அதனால் பக்கத்தில் ஒரு கைத்தொழில், ஒரு பட்டறை. பாகப்பிரிவினை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. பக்தியும் இருந்தது, பட்டினியும் இருந்தது. இரண்டில் எதைச் சொல்கிறார் என்பதை வைத்துச் சொல்கிறவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை துளையிடும் இயந்திரத்தைத் தொடாதீர்கள், காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடாதீர்கள். ஞாயிறு ஓய்வு 1919-ல் அரசியல் சாசனத்தில் ஏறி இன்றைக்கும் இருக்கிறது. பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால்கூட வாழ்த்துச் சொல்லாதீர்கள், கெட்ட சகுனம் என்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்கு அலுவலகத்துக்குக் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான். காலிப் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், பீர் புட்டிக்கு 8 சென்ட், பெரும்பாலான பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும். பூங்காவில் அதைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் வெளியே பக்கத்தில் வைக்கிறார்களே என்று பாருங்கள். பொறுக்க வருகிறவர் கையை உள்ளே விட வேண்டாமே என்பதற்காக. வருகிறவர்களில் நல்ல கோட்டுப் போட்ட முதியவர்களும் உண்டு. பணக்கார நாடு என்று ஊருக்குப் போன் போடும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் சில மாதங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வியப்பாக இருந்ததை எல்லாம் தமிழிலேயே எழுதுங்கள், காரணம் எழுத வேண்டாம். கண் பழகிவிட்டால் அந்த வியப்பு திரும்பி வராது. ஒரு வருடம் கழித்து எடுத்து, பக்கத்தில் காரணத்தை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வரிகள்தான் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள்.

கடைசியாக, சாவு. நம் ஆட்கள் இதற்கு மட்டும் போக மாட்டார்கள், கூப்பிடவில்லை என்பார்கள். பத்திரிகையில் அறிவிப்பு வந்திருந்தால், கட்டடத்தில் கறுப்புக் கரை போட்ட அட்டை வந்திருந்தால், போகலாம். இருண்ட நிற உடை போதும். இங்கே கல்லறை நிரந்தரமில்லை. பெரும்பாலும் 15 முதல் 25 ஆண்டு வரை குத்தகை, புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அதுவரை வாரம்தோறும் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அடக்கம் முடிந்ததும் பக்கத்து உணவகத்தில் காப்பியும் கேக்கும். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம்கூட வரும், திகைக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இறந்தவரை எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவரும் உங்களைக் கேட்பார். "படி பெருக்குறப்போ பேசிக்குவோம்" என்று நான் சொன்னபோது இறந்தவரின் மகள் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அப்போ அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.